மலையில் கேட்க வேண்டியது

ஊசியில் கறுப்பு நூலைக் கோத்து, வேப்பெண்ணெயில் ஒருமுறை முக்கி எடுத்து, பூமிகா தன் மாமியாரின் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டாள். கொப்புளம் புளியங்கொட்டையைவிடப் பெரிதாக உப்பியிருந்தது. ஊசியை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்து, நூலின் இரண்டு முனைகளும் வெளியே தொங்கும்படி வெட்டிவிட வேண்டும். நீர் நூல் வழியாகவே கசிந்து வந்துவிடும், தோல் கிழியாது. நடைப்பயணத்தின் முதல் நாளே கூட்டத்தின் குருசாமி அரசப்பன் எல்லாப் பெண்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். வருஷா வருஷம் புரட்டாசியில் ஊர்க்காரர்களைத் திருமலைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர். செங்கம்மாள் மாமரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஊசி நுழைந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"வலிக்குதா அத்த?"

"நீ குத்து."

பிச்சாட்டூரைத் தாண்டி வந்திருந்தார்கள். சாலையின் வலதுபுறம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. ஊத்துக்கோட்டையில் புறப்பட்டபோது அது தூரத்தில் ஒரு நீலக்கோடு. சுருட்டப்பள்ளியில் கடைப் பலகைகளின் எழுத்து தெலுங்காக மாறியதும் அது கொஞ்சம் கிட்டே வந்தது. நாகலாபுரத்தில் பாறைகளும் பாறைக்கு நடுவே மரங்களும் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு மலை போகவே இல்லை. விடியற்காலையில் கறுப்பாக, வெயில் ஏறியதும் சாம்பல் நிறமாக, மாலையில் செங்கல் நிறமாக அது பக்கத்திலேயே இருந்தது. எவ்வளவு நடந்தாலும் அதன் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போன மாதிரியே இல்லை.

நடப்பது பழகிவிட்டிருந்தது. பழகியது என்றால் வலி போய்விட்டது என்று அர்த்தமில்லை. இருட்டிலேயே அரசப்பனின் விசில் ஊதும். பெண்கள் கையில் டார்ச்சுடன் முதலில் புதர்ப் பக்கம் போய்விட்டு வருவார்கள். யாருடைய மாந்தோப்பிலாவது மோட்டார் ஓடினால் குளியல், இல்லாவிட்டால் குடத்துத் தண்ணீர். மஞ்சள் புடவை, நெற்றியில் நாமம், கழுத்தில் துளசி மாலை. மூட்டைகளையும் அரிசியையும் பாத்திரங்களையும் ஏற்றிய குட்டியானை வண்டி முன்னால் போய்விடும். கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் உரசுவதுபோல் கடந்து போகும்போதெல்லாம் கூட்டம் மண்ணில் இறங்கும், மறுபடி தார் மேல் ஏறும். வெயில் உறைத்ததும் எங்காவது காலை நாஷ்டா. மதியம் ஒரு தோப்பிலோ கல்யாண மண்டபத்திலோ படுக்கை. மாலையில் மறுபடி நடை. ராத்திரி தார்ப்பாய் விரித்ததும் ஒவ்வொருவரும் தங்கள் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நடக்கும்போது யாருக்கும் பேச்சு வராது. கோவிந்தா மட்டும் வரும். முன்னால் ஒருவர் சொல்ல, பின்னால் இருப்பவர்கள் சொல்ல, கடைசியில் அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிடும்.

பூமிகா கோவிந்தா சொல்லவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அவள் மனதுக்குள் ஒரே ஒரு ஊரின் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. புத்தூர். அங்கே அண்ணன் வசந்தகுமார் வண்டியோடு வந்து நிற்பான். நகரி, பள்ளிப்பட்டு வழியாக ஆர்.கே.பேட்டையில் அப்பா வீட்டுக்குப் போய்விடலாம். அப்பா போனில் சொல்லியிருந்தார்: "துணிமணி எதுவும் எடுத்துகினு வராதம்மா. கட்ன பொடவையோட வா. மிச்சத்த நைனா பாத்துக்கறேன்." அவள் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் புறப்படும்போது கல்யாணப் போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

அவள் கணவன் சந்திரமோகன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தான். நெல் வைக்கிற குடும்பம்தான், ஆனால் அவனுக்குச் சேற்றில் இறங்கப் பிடிக்காது. கல்யாணமாகி ஒரு வருஷம் முழுசாக முடியவில்லை. நைட் ஷிப்ட் முடித்து வரும்போது ரோட்டில் படுத்திருந்த எருமை மேல் பைக் மோதியது. எருமை எழுந்து போய்விட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து மூடி, பல மாதம் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து நடு அறையில் இரும்புக் கட்டிலில் கிடக்கிறான். கண் திறந்திருக்கும், பார்க்காது. மூக்கில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, பெரிய ஊசிக்குழாயில் எடுத்து மூக்கு வழியாக இறக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். எவ்வளவு புரட்டியும் வந்துதான் இருந்தது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். அதைத் துடைக்கும்போது அவன் முகத்தை பூமிகா பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. அவன் டீயில் சர்க்கரை கூடப் போடச் சொல்வானா, குறைத்துப் போடச் சொல்வானா என்பது ஒருநாள் அவளுக்கு மறந்துபோனது. யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

செங்கம்மாள் மலைக்கு நடக்கிறேன் என்று வேண்டிக்கொண்டபோது மாமனார் பச்சையப்பன்தான் பையனோடு இருக்கிறேன் என்றார். செங்கம்மாளுக்குச் சர்க்கரை உண்டு, முட்டிவலி உண்டு. யாராவது ஒருத்தர் கூடப் போக வேண்டும். "உம் மருமகளக் கூட்டினு போ," என்று ஊரே சொன்னது. பொண்டாட்டி நடந்தால் பலன் சீக்கிரம் வரும் என்றும் சொன்னார்கள்.

நாராயணவனத்துக்கு முன்னால் சாலை காட்டை ஒட்டி ஏறியது. அன்று மாலை மழை வரும்போல் இருந்தது. கூட்டம் முன்னால் போய்விட்டது. செங்கம்மாளின் நடைக்கு ஈடாக பூமிகாவும் பின்தங்கினாள். மலையில் தண்ணீர் விழும் சத்தம் எங்கிருந்தோ கேட்டது. ஒரு வளைவில் செங்கம்மாள் நின்று, தடுப்புக் கல்லில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு புத்தூரு வந்துடும்," என்றாள்.

"ஆமா அத்த."

"உங்க அண்ணன் எத்தினி மணிக்கு வர்றானாம்?"

பூமிகா கடந்துபோகும் லாரிக்கு ஒதுங்கி நின்றாள். செங்கம்மாள் அவளைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நைனாவுக்குப் போன் போட்டது நாந்தான். உங்க மாமா வயக்காட்டுக்குப் போயிருந்தாரு, போனு ஊட்ல கெடந்துச்சி. ஊட்லேர்ந்து இட்டுனு போனா ஊரு பேசும், ரோட்லேர்ந்து இட்டுனு போயிடுங்கன்னு சொன்னேன். எங்கிட்ட பேசுனத உங்கிட்ட சொல்லவேணாம்னும் சொன்னேன்."

"எதுக்கு அத்த?"

"நீ நல்லாருக்கணும்னு ஒண்ணும் இல்ல. அப்பிடி நெனச்சிக்காத." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அவன் வாயத் தொடைக்கறப்ப உம் மூஞ்சி எப்பிடிக் கீதுன்னு நீ பாத்ததில்ல. நான் தெனம் பாக்கறேன். கோவம் இருந்தாக்கூடத் தேவல. ஒண்ணுமே கெடையாது அதுல. அதப் பாத்துகினு என்னால சோறு துன்ன முடியல."

பூமிகா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். "நானும் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்பிடிப் பாப்பீங்க?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளு பாக்கவேணாம்."

"இன்னா சொல்றீங்க?"

"எடுத்துக்கோன்னு கேக்கத்தான் மலைக்குப் போறேன்," என்றாள் செங்கம்மாள். "நல்லாவணும்னு கேக்கப் போறேன்னு ஊருல நெனச்சிகினாங்க. நானும் தலைய ஆட்டினேன். வேற இன்னா சொல்றது. பெத்தவ இதக் கேக்கறான்னு அரசப்பங்கிட்ட சொல்ல முடியுமா, மாலை போட்டு வுடுன்னு."

மழை தூறத் தொடங்கியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பூமிகா தனக்குள் அதிர்ச்சியைத் தேடினாள். அழுகையையாவது தேடினாள். அவளுக்குக் கிடைத்தது வேறு ஒன்று. நீண்ட நேரம் தலையில் சுமந்த குடத்தை யாரோ இறக்கிவைக்கக் கை கொடுத்ததுபோன்ற ஒரு ஆறுதல். அவளும் அதை நினைத்ததுண்டு, கஞ்சி இறக்கும்போது, புண் துடைக்கும்போது, ஒருமுறைகூட முழு வார்த்தையாக ஆகவிடாமல். இப்போது வேறொருத்தி அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்த ஆறுதல் வந்த வேகத்திலேயே தன்மேல் ஒரு அருவருப்பும் வந்தது. மழையில் புடவையிலிருந்து மஞ்சள் சாயம் கரைந்து காலில் வழிந்துகொண்டிருந்தது.

"நட," என்றாள் செங்கம்மாள். "இருட்டிட்டா லாரிக்காரனுக்குக் கண்ணு தெரியாது."

மறுநாள் புத்தூர் முச்சந்தியில் வசந்தகுமார் டீக்கடை ஓரமாக நின்றிருந்தான். தங்கையின் கோலத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. கறுத்து, உதடு வெடித்து, காலில் துணிக்கட்டோடு இருந்தாள். செங்கம்மாள் அவனைக் கண்டும் காணாததுபோல் கூட்டத்தோடு முன்னால் நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. இடது காலைச் சாலையில் முழுசாக ஊன்றாமல், பக்கவாட்டில் வைத்து வைத்துப் போனாள். அந்த நடையைப் பார்த்துக்கொண்டே பூமிகா வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏறு," என்றான் அண்ணன்.

"அவங்க காலு புண்ணாயிடுச்சிண்ணா. தனியா ஏற மாட்டாங்க. மேல ஏத்தி வுட்டுட்டு வந்துடறேன்."

"அப்புறம் கீழ எறக்கணும்னு சொல்லுவ. அப்புறம் ஊட்டாண்ட கொண்டுபோயி வுடணும்னு சொல்லுவ. இதுக்கு முடிவே கெடையாது பூமி."

"ஏத்தி வுட்டுட்டு வந்துடறேன்," என்று மறுபடியும் சொன்னாள். அவளே அதை நம்பினாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் அண்ணன், அலிபிரியில், படி ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறேன், அதற்குமேல் நைனாவுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பின்னாலிருந்து வந்து சேர்ந்த மருமகளைப் பார்த்ததும் செங்கம்மாள், "இன்னாத்துக்கு வந்த?" என்றாள். அதற்குப் பிறகு திருப்பதி வரும்வரை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச ஒன்றும் இல்லை என்பதல்ல. இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது வெளியே வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். வடமாலைப்பேட்டைப் பக்கம் சாலை மலையின் இடுக்கில் நுழைந்து ஏறி இறங்கியது. ஈரத் துணி தொடையை அறுத்தது. மண்டபத்தில் படுக்கும்போது செங்கம்மாள் தன் போர்வையில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். பூமிகா அதை வாங்கிக்கொண்டாள்.

விடிந்தபோது படி ஏறத் தொடங்கினார்கள். அண்ணன் சொன்னபடியே கீழே நின்றிருந்தான். கையை அசைக்கவில்லை, வண்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தார்ச்சாலையில் இத்தனை தூரம் நடந்தது ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டன படிகள். முதலில் நேராக, வானத்தில் கொண்டுபோய் விடுவதுபோல் ஏறின. செங்கம்மாள் கைப்பிடிக் கம்பியை ஒரு கையாலும் பூமிகாவின் தோளை மறு கையாலும் பிடித்துக்கொண்டாள். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றாள். அவர்களுக்குக் கொஞ்சம் கீழே, கல்லூரியில் படிக்கிற வயசில் ஒரு பெண், ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். பரீட்சைக்கோ கல்யாணத்துக்கோ இருக்கலாம். அவள் முகத்தில் வேர்வையும் சிரிப்பும் இருந்தன.

படிவழியிலிருந்த கோபுரத்தைத் தாண்டி, மரநிழலில் படிகள் கொஞ்சம் சமமாக ஆன இடத்தில் போன் அடித்தது. பச்சையப்பன்.

"பூமி, எங்க கீறீங்கம்மா?" மாமனாரின் குரல் உடைந்திருந்தது. அவன் கதை முடிந்துவிட்டது என்றுதான் பூமிகா நினைத்தாள். "பாக்கறான்மா. காத்தால துணி மாத்தறப்ப, நான் எந்தாண்ட போனாலும் கண்ணு கூடவே வருது. ஸ்பூன்ல தண்ணி குடுத்தேன், முழுங்கிட்டான். நர்சுப் பொண்ணக் கூப்ட்டுக் காட்டினேன், நெசந்தான்னுச்சி. கண்ணுலேர்ந்து தண்ணி வருதும்மா அவனுக்கு. சாமி கேட்டுடுச்சின்னு உங்க அத்தைகிட்ட சொல்லு." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

பூமிகா போனைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். செங்கம்மாள் படியில் உட்கார்ந்தாள்.

"பேசினானா?"

"இல்ல."

"கை காலு?"

"அதப்பத்தி ஒண்ணும் சொல்லல அத்த."

"அழுவறான்னாரா?"

"கண்ணுலேர்ந்து தண்ணி வருதாம்."

செங்கம்மாள் எதிர்ப் பாறையைப் பார்த்தாள். பாறையில் ஒரு குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்பன்னா இனிமே அவனுக்குத் தெரியும்," என்றாள். "புண்ணு தொடைக்கறது தெரியும். பீ அள்றது தெரியும். உம் மூஞ்சியும் தெரியும்." முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "இல்ல, இத்தினி நாளும் தெரிஞ்சிகினேதான் கெடந்தானா?"

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தாங்கள் பேசியதெல்லாம் பூமிகாவுக்கு நினைவுக்கு வந்தது. அவன் தலைக்கு மேலாகவே, ஒரு பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசியவை.

"மேல போயி நான் இப்ப இன்னான்னு கேக்கறது, சொல்லு," என்றாள் செங்கம்மாள். "கேட்டது வேணாம், வுட்டுடுன்னு கேக்கறதா. இல்ல கேட்டத முடிச்சிவைன்னு கேக்கறதா. நீ சொல்லு, நான் அதக் கேக்கறேன்."

அந்தக் கேள்வி உண்மையாகவே தன்னிடம்தான் கேட்கப்பட்டது என்பது பூமிகாவுக்குப் புரிந்தது. கீழே அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். அவள் சொல்லும் சொல்லில் அண்ணனும் இருந்தான், இரும்புக் கட்டிலும் இருந்தது, இனி வரப்போகிற வருஷங்கள் எல்லாமும் இருந்தன. மாமியாரின் இடது கால் துணியில் படிந்திருந்த தூசியைத் தட்டினாள்.

அதற்குள் பச்சையப்பன் அரசப்பனுக்கும் போன் செய்துவிட்டிருந்தார். மேலே போயிருந்த அரசப்பன் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் ஊர்க்காரர்கள். "செங்கம்மா, நீ நடந்து வர்ற வரைக்கும்கூடச் சாமி காத்துகினு இருக்கல," என்றார் அவர், கண் கலங்க. "பாதி வழியிலியே குடுத்துட்டாரு." பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி பூமிகாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். யாரோ கோவிந்தா என்று குரல் கொடுக்க, எல்லோரும் கொடுத்தார்கள். ஒன்றும் தெரியாத வழிப்போக்கர்களும் கொடுத்தார்கள். செங்கம்மாள் இரண்டு கையையும் கூப்பித் தலைக்கு மேல் தூக்கினாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"உக்காந்து வாங்க, அவசரம் இல்ல," என்று சொல்லிவிட்டு அரசப்பன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். குரல்கள் வளைவில் திரும்பித் தேய்ந்தன.

செங்கம்மாள் இடது காலை நீட்டினாள். சுற்றியிருந்த துணி கறுத்து, சதையோடு ஒட்டி இறுகிப்போயிருந்தது. "இத்தக் கழட்டு," என்றாள். "ஒட்டிகிச்சி. தண்ணி ஊத்துனாத்தான் வரும்."

பூமிகா இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்து, அந்தக் காலைக் கையில் ஏந்தினாள். பாட்டிலைத் திறந்து மெதுவாக ஊற்றினாள். துணி ஊறியது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது செங்கம்மாள் முதல்முறையாக முனகினாள். முனகல் நிற்கவில்லை, சின்னக் குழந்தையினுடையதுபோல் நீண்டுகொண்டே போனது. பூமிகா நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சிவந்த தண்ணீர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கி, குங்குமம் வைத்திருந்த படிகளை எட்டியதும் பொட்டுகளையும் கரைத்துக்கொண்டு போனது. எது எந்தச் சிவப்பு என்று தெரியவில்லை. ஏறி வருகிறவர்கள் அதை மிதிக்காமல் ஒதுங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, குனிந்து, அந்த ஈரத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே போனார்.